காற்றுப்பையும் ஜாடியும்

காற்றுப்பைக்குக் காற்று கூடிப்போனது. அதுதான் கோளாறு.

கடலடியில் உடைந்து கிடந்த பழைய கப்பலிலிருந்து ஒரு மண்ஜாடியை மேலே கொண்டுவர வேண்டும். முக்குளிப்பவர் அதைப் பையின் கீழே கட்டினார். பாதிக் காற்று போதும், ஏற ஏற அது தானாக விரியும். அவர் தலையைத் திருப்பிய நேரத்தில் பை காற்றை வயிறுமுட்டக் குடித்துவிட்டது. விர்ரென்று கிளம்பியது.

"டேய், மெதுவாப் போடா! மேல படகு நிக்குது. மோதினா நான் சில்லு சில்லாப் போயிடுவேன்!" என்று அலறியது ஜாடி.

"பெரியம்மா, மீனெல்லாம் எப்படி வழிவிடுது பாரு!" பை சுழன்றது, சிரித்தது, இன்னும் உப்பியது.

"ஆயிரம் வருஷம் உடையாம கிடந்தேன்டா!"

"சும்மாதானே கிடந்தே? இப்பப் பற!"

"உன் தலையில கயிறு இருக்கே, அதை இழுத்தா காத்து இறங்குமே!"

"இழுக்க எனக்குக் கையா இருக்கு?"

படகின் அடிப்பாகம் கூரைபோல் நெருங்கியது. படகை ஓட்டும் விசிறியின் கூர்மையைக் கண்டதும் பையின் சிரிப்பு நின்றது. "ஐயோ பெரியம்மா, எனக்கு நிக்கத் தெரியலையே!"

அப்போது ஜாடியின் வாயிலிருந்து ஒரு கை நீண்டது. பிறகு இன்னொன்று. "தூங்க விடமாட்டீங்களா?" என்றபடி கயிற்றைச் சுண்டியது. குபுகுபுவெனப் பாதிக் காற்று வெளியேறியது. படகுக்கு ஒரு முழம் கீழே பை ஜாடியோடு அசையாமல் நின்றது.

"அருமையான பை!" என்று படகிலிருந்தவர்கள் தட்டிக்கொடுத்தார்கள். பை மறுக்கவில்லை.

அதற்குள் வேறு வீடு தேடிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, ஜாடியில் குடியிருந்த எட்டுக்கைப் பேய்க்கணவாய்.