அடிக்குறிப்பு

அம்மிக்கல்லில் ஏறிக் கடல் கடந்து வந்ததாகக் கரையோரத்தார் கொண்டாடும் புனிதர் ஒருவர் உண்டு. அப்படி ஒருவர் வாழ்ந்ததற்குச் சான்றே இல்லை என்று திருச்சபை வரலாறு நடத்தும் பேராசிரியர் செலஸ்தினா வகுப்பில் சொன்னார். பிறகு கரும்பலகையில் எழுதியிருந்த அந்தப் பெயரை அழிக்கத் தொடங்கினார். முதல் எழுத்து அழிந்ததும், கடைசி பெஞ்சில் ஈர அங்கியோடு உட்கார்ந்திருந்தவரின் பாதங்கள் மறைந்தன.

“கொஞ்சம் பொறுங்கம்மா,” என்றார் அவர். “புத்தகத்துல முழுப் பக்கமா கேக்கறேன்? ஒரு அடிக்குறிப்பு போதும்.”

“ஆதாரம் வேணுமே, சாமி.”

“நானே வந்திருக்கேனே.”

“தன்னைப் பத்தித் தானே சொல்றது செல்லாது.”

பக்கத்து வகுப்பறையில் இறையியல் நடத்திக்கொண்டிருந்த ஃபாதர் சூசைமரியான் வாசலில் எட்டிப்பார்த்தார். “மேடம், எங்கம்மா அவருக்கு நேந்துக்கிட்டுத்தான் என்னைப் பெத்தாங்க. அவரு இல்லன்னா நானும் இல்லன்னு எழுதிக்குங்க.”

மாணவர்கள் சிரித்தார்கள். செலஸ்தினா சிரிக்கவில்லை. மிஞ்சிய எழுத்துகளின் தலையில் சின்னதாக 1 என்று அடிக்குறிப்பு எண் இட்டார். பலகையின் அடியில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்குக் கீழே சாக்பீஸை ஊன்றியபடி வெகுநேரம் நின்றார்.

“அவசரமில்லம்மா,” என்றது கடைசி பெஞ்சின் குரல். “மெதுவா எழுதுங்க.”