மூன்றாவது போத்தல்

அந்த வைன் கடை ஜெர்மன்-பிரெஞ்சு எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பது சரியாக நினைவில்லை. ஊர் அரசியலால் பல வருடங்கள் ஒருவரோடொருவர் பேசாதிருந்த என் ஜெர்மனி அண்ணனும் பாரிஸ் தம்பியும், என் மகளின் கலியாணத்துக்கு வைன் தெரிவுசெய்ய வந்திருந்தார்கள். பேச்செல்லாம் என் வழியாகத்தான்.

“அக்கா, அண்ணைக்குச் சொல்லுங்கோ, ஜெர்மன்காரன் வைனையும் மருந்து மாதிரி அளந்துதான் வார்ப்பான்.”

“தங்கச்சி, அவனுக்குச் சொல்லு, பிரெஞ்சுக்காரன் போத்தல் திறக்க முன்னமே ஸ்ட்ரைக் பண்ணுவான்.”

தம்பி சிரித்துவிட்டான். “அண்ணை, நீங்கள் பகிடியும் விடுவியளோ?”

“போடா, வாய்க்காரா.”

என்னை மறந்துவிட்டார்கள். பேச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஓர் இத்தாலியப் போத்தலை நீட்டினேன். இருவரும் சேர்ந்து அதைத் திட்டத் தொடங்கினார்கள்.

அரசியலில் அவர்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அண்ணன் போன மாசியில் காலமானார். தம்பி இப்போது ஜெர்மன் வைன்தான் வாங்குகிறான், அளந்துதான் வார்க்கிறான்.