அகலத் திரை, பாதி விலை

திரையில் ஒரு கீறல் இருந்தது. வலது மூலையில், தலைமுடி அளவுக்கு. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

நான் செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன்.

அந்தப் பெண்மணி குனிந்து பார்த்தார். "இது எப்ப விழுந்துச்சுன்னே தெரியலையே."

"பரவால்ல. ஆனா பேசின விலைக்கு எடுக்க முடியாது."

விளம்பரத்தில் அவர் போட்டிருந்த விலையை இரண்டு நாள் மெசேஜிலேயே பேசிப் பேசிக் குறைத்திருந்தேன். முப்பத்து நாலு அங்குல மானிட்டர். கடையில் புதிதாக எடுத்தால் இதைப்போல் இரண்டு மடங்கு ஆகும். ஆனாலும் வீடு வரைக்கும் வந்தபின் இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்க்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது. இதனாலேயே என் மனைவி என்னோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அவர் என் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தார்.

"சரி, நீங்க சொல்றதே குடுங்க."

வெள்ளைப் படம் வைத்துப் பார்த்தேன். கறுப்பு வைத்துப் பார்த்தேன். ஒளிராத செத்த புள்ளி ஒன்றுகூட இல்லை. துடைத்துத் துடைத்து வைத்திருந்த திரை.

எனக்கு அகலம்தான் முக்கியம். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் பிரிவுத் தலைவர் நான். ஆள் குறைந்துபோனதால் மிச்ச வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து நானே வரைய வேண்டியிருக்கிறது. வீட்டிலிருக்கும் சின்னத் திரையில் வாசலைப் பார்த்தால் கொல்லைப்புறம் தெரியாது.

ஏதாவது பெரிய படம் இருந்தால் திறந்து காட்டச் சொன்னேன்.

அவர் கணவரின் கணினியில் தேடி ஒன்றைத் திறந்தார். மூன்று மாடிக் கட்டடம், படிக்கட்டோடு சேர்த்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிந்தது. உருட்டவே வேண்டாம். மனசுக்குள் ஒரு துள்ளல்.

அப்புறம்தான் மேல் மூலையில், வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்தேன்.

அம்பின் வால் மீன் வால்போல் பிளந்திருந்தது.

எத்தனை தடவை திட்டியும் அவன் மாற்றிக்கொள்ளாத அம்பு அது. சும்மா ஒரு அழகுக்கு சார் என்பான். எங்கள் பிரிவில் பதினோரு வருடம் மாடிப்படிகள் வரைந்தவன். 'படிக்கட்டு' என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவனை வேலையை விட்டு அனுப்பிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். எல்லாம் மேலிடத்து முடிவு, என் கையில் ஒன்றுமில்லை என்று அவனிடம் சொன்னேன். மேலிடம் கேட்டது ஒரே ஒரு பெயர். யார் பெயர் என்பதை என்னிடம்தான் விட்டிருந்தார்கள். எதிர்த்துப் பேசாதவன் என்பதால் அவன் பெயரை எழுதினேன்.

அவன் வீடு எங்கே என்று பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன். "வீட்டுக்காரர் இல்லையா?"

"ஆபீஸ் போயிருக்கார். ஆறு மணி ஆகும்." உள்ளறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, தேவைக்குமேல் சத்தமாகச் சொன்னார். "அங்கயே பெருசா ஒண்ணு குடுத்துட்டாங்களாம். இது சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு அவரேதான் விக்கச் சொன்னார்."

உள்ளே கட்டிலில் ஒரு முதியவர், அவருடைய மாமனாராக இருக்க வேண்டும், இருமிவிட்டுப் புரண்டு படுத்தார்.

பர்ஸைத் திறந்து, விளம்பரத்தில் போட்டிருந்த முழு விலையையும் எடுத்து நீட்டினேன். கீறல் ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை என்று ஏதோ முனகினேன்.

அவர் பேசிய தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "பேசினது இவ்வளவுதானே."

பெட்டி அகலமாக இருந்தது. ஒருவராகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க முடியாது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர் கீழே, நான் மேலே. ஒவ்வொரு படியாக இறங்கினோம்.

முதல் திருப்பத்தில், வீட்டுக் கதவு கண்ணுக்கு மறைந்ததும் நின்றார்.

"சார், அவர எங்கயாவது பாத்தா எனக்கு விஷயம் தெரியும்னு காட்டிக்காதீங்க. காலைல பையத் தூக்கிட்டுக் கிளம்புறது ஒண்ணுதான் இப்ப அவருக்கு இருக்கு."

"நான் யாருன்னு..."

"கதவத் திறந்ததுமே தெரிஞ்சுது. போன மாசம் அவர் சாப்பாட்ட மறந்துட்டுப் போயிட்டாருன்னு ஆபீஸுக்கு எடுத்துக்கிட்டு வந்தேன். அங்க வந்துதான் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன். உங்கள ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போகலாம்னு உக்காந்திருந்தேன். நீங்க மீட்டிங்ல இருக்கீங்கன்னு சொன்னாங்க."

குறை சொல்லும் குரல் இல்லை. பெட்டியைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தார்.

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. வரவேற்பிலிருந்து போன் வந்தபோது, மீட்டிங் என்று சொல்லி அனுப்பிவிடச் சொன்னவன் நான்தான். என் அறைக்குச் சுவரே கண்ணாடி. வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளே இருப்பது அப்படியே தெரியும்.

உள்ளே நான் ஒருவன் மட்டும்தான் இருந்தேன், மானிட்டர் விலை பார்த்துக்கொண்டு.