புதுக் கல்லுக்கு அந்தப் பக்கம்

அடுக்களையில் இருந்தவர்கள்: சூசைராஜ், அவன் மனைவி ஜெனிட்டா, எல்லை அளக்கும் வரதன், அடுப்பில் பாதி வெந்த சோறு.

கடலுக்கு அடியில் இருக்கும் அந்த மலைப்பிளவில், பழைய தரையை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு கடைசியாக எங்கே எரிகுழம்பு ஏறி இறுகுகிறதோ, அதுதான் இரண்டு நாடுகளுக்கும் எல்லை. இதுவரை அந்த எல்லை, பிளவிலேயே இருந்த சூசைராஜ் வீட்டுக்குக் கிழக்கே வெளியில் கிடந்தது. புதுக் கல்லை முதலில் பார்த்துச் சொல்பவனுக்கு இன்னொரு அறை தருவது அங்கே வழக்கம். இன்று காலையில் அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் நடுவே தரை சுட்டது; அடியில் புதுக் கல் இறுகியிருந்தது. சூசைராஜ் சந்தோஷமாக ஓடிப்போய் வரதனிடம் சொல்லிவிட்டு வந்தான்.

“கல்லு இறுகுனப்ப இவங்க எங்க இருந்தாங்க?” என்றான் வரதன்.

“உள்ள தூங்கிட்டிருந்தா.”

“நீங்க?”

“இங்க உலை வெச்சுட்டிருந்தேன்.”

“அப்ப இவங்க அந்த நாடு.”

“யோவ், கட்டில்ல கெடந்தவய்யா! எங்கயும் போகல.”

“இவங்க போகல. எல்லைதான் வந்திருக்கு.”

சூசைராஜ் தரையைக் குனிந்து பார்த்தான். நேற்று துடைத்த அதே தரைதான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இன்னொரு ரூம் வேணும்னியே, இருந்ததும் போச்சு,” என்றாள் ஜெனிட்டா. பிறகு வரதனிடம், “சாயங்காலம் இங்க வந்துரலாம்ல?” என்றாள்.

“பெர்மிட் வந்தா வரலாம்.”

“எப்ப வரும்?”

வரதன் சாவிக்கொத்தைத் தேடினான்.

“சோத்த வடி, குழையுது,” என்றாள் அவள்.

சூசைராஜ் வடித்தான். இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு திரும்பினான். அவள் படுக்கையறைக்குள் போயிருந்தாள். வரதன் கதவைச் சாத்தி, இந்தப் பக்கமிருந்து பூட்டிக்கொண்டிருந்தான்.