சித்தப்பா கடையில் சாய்வெழுத்து

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்பவன் நாக்கில் மை கொட்டட்டும். தன் சித்தப்பாவின் சைக்கிள் கடைக் கண்ணாடியில் கடைசி எழுத்தின் விளிம்பைத் துடைத்துவிட்டு, எழுத்து வரைகிறவள் வாசலுக்குப் பின்னகர்ந்து நிற்கிறாள். எல்லாம் தடித்த எழுத்துகள், வலப்பக்கம் சாய்ந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் செங்கல்லை அறுத்து வைத்ததுபோல் ஒரு சதுரப் பாதம். ஏற்கெனவே மூன்று மாதிரிகளை அவர் வேண்டாமென்றுவிட்டார். இதுவும் பிடிக்காவிட்டால் கடைப்பலகை வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். சித்தப்பா எழுத்தோடு சேர்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறார். “என்னம்மா இது, காத்தடிச்சா கவுந்துடும் போல இருக்கே?” “வேகம் தெரியணும்னு நீங்கதானே சொன்னீங்க? உடம்புதான் சாயுது சித்தப்பா, பாதம் தரையிலதான் இருக்கு.” “உங்கப்பனும் இப்படித்தான், சாஞ்சு நின்னே சாதிப்பான்.” அவள் தூரிகையைப் பிழிகிறாள். மாலை வெயில் கண்ணாடி வழியே மெல்ல உள்ளே வர, எழுத்துகளின் நிழல் தரையில் நீள்கிறது. நீண்ட நிழல்கள் கனத்த பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நடக்கின்றன. டயர் அடுக்கைத் தாண்டி, எண்ணெய்க் குப்பியைச் சுற்றி, அவசரமே இல்லாமல். மாட்டியிருக்கும் சக்கரம் ஒன்று தானாகச் சுழன்று டிக்டிக்கென்கிறது. சித்தப்பாவின் செருப்பருகே வந்ததும் நிழல்கள் பிரேக் பிடித்தாற்போல் நிற்கின்றன. ஒன்றுகூட விழவில்லை. அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். “சரி சரி, பலகையிலயும் இதையே எழுதிடு. ஆனா கடை மூடுறப்ப எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போ.” அன்று விடியலிலிருந்து அடைமழை; வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொல்பவன் நாக்கெல்லாம் இப்போது மை.