பக்கத்து வீட்டு ரசிகர்

"கண்ண மூடிக்கிட்டு சைன் வாங்குங்க தம்பி. இந்த மாதிரி பையன் பேராக் மாநிலத்துலயே இல்லலா!"

பக்கத்து வீட்டு இராமசாமி சொல்லச் சொல்ல, ஷர்வினுக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. பாட ஆள் தேடி, கோலாலம்பூர் இசைக் கம்பெனியிலிருந்து செமோர் வரை வந்திருந்தார் தனேஸ்வரன். ஷர்வின் உறுமி அடித்துக்கொண்டே பாடும் பாட்டுகளைக் கைப்பேசியில் பதிந்து அவருக்கு அனுப்பியதே இராமசாமிதான். இரவு முழுவதும் ஈப்போ பேரங்காடியில் 'ஜாகா' என்னும் காவல் வேலை பார்த்துவிட்டு, தூங்கக்கூடப் போகாமல் வந்து பேசுகிறார். இப்படி ஒரு மனிதர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"பாட்டு நல்லாதாண்ணே இருக்கு. ஆனா ஆன்லைன்ல பாத்தேன், தம்பிக்கு ரசிகருங்க முந்நூறு பேர் கூட இல்லையே?" தனேஸ்வரன் இழுத்தார்.

"அதுக்குத்தானே கம்பெனி இருக்கு! கேஎல்லுக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்கேயே தங்க வெச்சு, பயிற்சி கொடுத்து ஆளாக்கி விடுங்க."

ஷர்வினின் அம்மா கலாதேவி கையைப் பிசைந்தாள். "எனக்கு ஒத்தப் புள்ளண்ணே. அவ்ளோ தூரம் எப்படி அனுப்புறது?"

"பையன் முன்னுக்கு வரணுமா வேணாமா தங்கச்சி? நெனச்சா பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்லா."

ஷர்வின் தலை குனிந்துகொண்டான். கையுறைத் தொழிற்சாலையில் மதிய ஷிஃப்ட். காலை முழுக்க அறையில் உறுமியும் கையுமாகக் கிடந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். அம்மா வேண்டாம் என்றுவிட்டால் எல்லாம் போச்சு.

இராமசாமி விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போனார். திரும்பும்போது கையில் புத்தம்புதுப் பெட்டி. "துணிமணி வெச்சுக்கடா. மாமாவோட அன்பளிப்பு."

ஷர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. கலாதேவியும் மனம் இளகி, "சரி, போய்ட்டு வரட்டும்" என்றாள்.

ஒப்பந்தத்தை எடுத்த தனேஸ்வரன் சட்டென்று நிறுத்தினார். "அண்ணே, அந்தப் பாட்டெல்லாம் எங்க இருந்து பதிஞ்சீங்க?"

"என் படுக்கை ரூம்லருந்துதான். நடுவுல ஒரு சுவருதானே!"

தனேஸ்வரன் எழுந்து ஷர்வினின் அறைக்குள் போய், உறுமியைக் குச்சியால் இழுத்து இழுத்துக் கேட்டார். வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"இந்த ரூம்ல வர்ற சத்தம் எங்க ஸ்டூடியோவுல வராதுக்கா. தம்பி எங்கேயும் வர வேணாம். மொத ஆல்பம் முழுக்க இங்கேயே பண்ணலாம், ஒரு வருஷ வேலை. நாளைக்கே இன்னும் நாலு உறுமிக்காரங்கள அனுப்பி வைக்கிறேன்!"

கலாதேவி மகனைக் கட்டிக்கொண்டாள். ஷர்வின் கையெழுத்துப் போட்டுவிட்டு, நன்றி சொல்ல இராமசாமி பக்கம் திரும்பினான். அவர் அந்தப் பெட்டியின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

வாசலில் நின்ற அவர் மனைவி பாப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ராத்திரியெல்லாம் ஜாகா வேல பாத்துட்டு வந்து, பகல்ல கண்ண மூட முடியலன்னு, உன்னய ஊர விட்டே கெளப்பத்தான்டா இந்த மனுஷன் இருக்கிற கம்பெனிக்கெல்லாம் பாட்ட அனுப்பிக்கிட்டுக் கெடந்தாரு!"