ஃபர்ஸ்ட் இயர் பசங்க

"ஃபர்ஸ்ட் இயர் பசங்கள நம்பி லீக்கோட கடைசி மேட்சுக்கு வந்தா உருப்பட்டாப்லதான்!"

கோட்டுக்கு வெளியே நின்று புலம்பிக்கொண்டிருந்தார் காலேஜ் ஃபுட்பால் கோச் சந்தியாகு. என்ன செய்வது? சீனியர்கள் பாதிப் பேர் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போய்விட்டார்கள்.

"இந்தத் தடவையும் கப் இல்லைன்னா டீமும் வேண்டாமுங்க, கோச்சும் வேண்டாமுங்க" என்று கரஸ்பாண்டன்ட் நஞ்சுண்டன் காலையிலேயே சொல்லிவிட்டார். இப்போது பந்தலில் உட்கார்ந்து வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பசங்கள் அசத்தினார்கள். அதிலும் பின்னால் நின்று தடுத்த தாராபுரத்துப் பையன் சுரேந்தர், ஒரு பந்தை உள்ளே விடவில்லை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. டிரா ஆனாலே பாயிண்ட் கணக்கில் கப் இவர்களுக்குத்தான். இன்னும் இரண்டே நிமிஷம்.

எதிர் டீம் அடித்த பந்து, கோலுக்கு முன்னால் நின்ற சுரேந்தர் மேல் பட்டுத் தெறித்தது. ரெஃப்ரி ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

சுரேந்தர் கையைத் தூக்கினான். "சார், என் கையில பட்டுதுங்க."

பெனால்டி. கோல். கப் போயிற்று.

சந்தியாகுவுக்கு ரத்தம் கொதித்தது. அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"ஏன்டா, ரெஃப்ரியே பாக்கலை. உன்னை எவன்டா கேட்டான்?"

பையன் திருதிருவென்று விழித்தான். "நீங்கதானுங்க சார் மொத நாள் சொன்னீங்க. கையில பட்டா யாரு பாத்தாங்கன்னு யோசிக்காம கையத் தூக்கீருங்கன்னு..."

வருஷா வருஷம் புதுப் பசங்களுக்கு மேடையில் சந்தியாகு பேசுகிற பேச்சு அது. முதலில் கைதட்டுவது கரஸ்பாண்டன்ட்தான். ரெஃப்ரிக்குத் தெரியாமல் ஜெர்சியைப் பிடித்து இழுக்கிற வித்தையெல்லாம் செகண்ட் இயரில்தான் சொல்லிக்கொடுப்பார்.

அந்தப் பேச்சை உண்மையென்று நம்பிய ஒருவனை இன்றைக்குத்தான் பார்க்கிறார். தோள் உயரம்கூட இல்லாத அந்தப் பையனை அண்ணாந்து பார்க்க வேண்டும்போல இருந்தது.

அதற்குள் நஞ்சுண்டன் முகம் சிவக்கப் பந்தலிலிருந்து வந்துவிட்டார். பின்னாலேயே மொத்த டீமும் வந்து சுற்றி நின்றது.

"யாருங்க இவனுக்கு இப்படியெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. சுரேந்தர்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

சந்தியாகு கையைத் தூக்கினார்.